புல்லுவழியும் தொடுபுழையும்: மன்னிப்புக்குப் பிறகு என்ன?

தேனியிலிருந்து போடிமெட்டு ஏறி, மூணாறு, அடிமாலி வழியாக இறங்கும் கொச்சி நெடுஞ்சாலை இடுக்கி மலையின் அடிவாரத்தில் கோதமங்கலத்தைத் தொட்டு, மூவாற்றுப்புழையில் எம்.சி. ரோட்டைச் சந்திக்கிறது. அங்கிருந்து வடக்கே பெரும்பாவூருக்குப் போகும் வழியில் இருக்கிறது புல்லுவழி என்ற சிற்றூர். தென்கிழக்கே திரும்பினால் அன்னாசித் தோட்டங்களைக் கடந்து இடுக்கி மாவட்டத்தின் தொடுபுழை வந்துவிடும். ரப்பர் மரங்களும் மாதா குருசடிகளும் நிறைந்த இந்தப் பகுதியைச் சேர்ந்த, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்களான இரண்டு கத்தோலிக்கக் குடும்பங்கள் மீது கத்தியும் கோடரியும் விழுந்தன. இரண்டு குடும்பங்களிலும் பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்தார்கள். ஒரு குடும்பத்தில் அந்த மன்னிப்பு புதிய உறவாக மலர்ந்தது. இன்னொரு குடும்பத்தின் கதை அவ்வளவு எளிதாக முடியவில்லை. கிறிஸ்தவ வாழ்வில் மன்னிப்புக்கும் ஒப்புரவுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை இந்த இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால்தான் அளக்க முடியும்.

புல்லுவழியின் வட்டாலில் குடும்பத்தில் பைலி, ஏலீஸ்வா தம்பதிக்கு 1954-இல் பிறந்தவர் மரியம். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து அருட்சகோதரி ராணி மரியா ஆனார். 1975-இல் வட இந்தியாவுக்குப் போனவர், பல ஊர்களில் பணியாற்றி, 1992-இல் மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த உதய்நகருக்கு வந்தார். அங்கே பழங்குடி விவசாயிகள் வட்டிக்காரர்களிடமும் நிலக்காரர்களிடமும் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள். வங்கிக் கடன் வாங்கும் வழியையும், அரசுத் திட்டங்களுக்கு மனுப் போடும் முறையையும், சேர்ந்து நின்று கேட்கும் துணிவையும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கடன் கொடுத்தே பிழைத்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. 1995 பிப்ரவரி 25 அன்று, ஊருக்குப் போவதற்காக உதய்நகரிலிருந்து இந்தூருக்குப் பேருந்தில் புறப்பட்டார். அதே பேருந்தில் ஏறியிருந்தார் சமுந்தர் சிங் என்ற இளைஞர். வழியில் தேங்காய் உடைத்துப் பயணிகளுக்குத் துண்டுகள் கொடுத்தவர், பிறகு கத்தியை எடுத்தார். அருட்சகோதரியின் உடலில் 54 காயங்கள் இருந்தன. பேருந்து நிறையப் பயணிகள் இருந்தும் தடுக்க ஒருவரும் முன்வரவில்லை.

ஆயுள் தண்டனை பெற்ற சமுந்தர் சிங் இந்தூர் சிறையில் இருந்தபோது, அவர் குடும்பம் சிதறிப்போனது. தன்னை ஏவிவிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்ற கோபத்தில், வெளியே வந்ததும் அவர்களைப் பழிதீர்க்க வேண்டும் என்று காத்திருந்தார். அந்தக் கோபத்துக்குள் முதலில் நுழைந்தவர் சுவாமி சதானந்த் என்று அறியப்பட்ட கேரளத் துறவி ஒருவர். சிறைக்குப் போய்வந்த அவர்தான் கொலையாளிக்கும் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் நடுவே பாலம் போட்டார். ராணி மரியாவின் தங்கை செல்மி பாலும் அதே சபையின் அருட்சகோதரி. 2002 ஆகஸ்டில், ரக்ஷா பந்தனையொட்டி அவர் சிறைக்குச் சென்று, தன் அக்காவைக் குத்திய கையில் ராக்கி கட்டினார். வட இந்திய வழக்கப்படி, அந்த நூல் கட்டிய பெண்ணுக்குக் கட்டிக்கொண்டவர் அண்ணன். பெயருக்குச் செய்த சடங்காக அது நின்றுவிடவில்லை. அவரை முன்கூட்டியே விடுதலை செய்யுமாறு சபையும் குடும்பமும் மறைமாவட்டமும் அரசுக்கு மனுக் கொடுத்தன. 2006-இல் சமுந்தர் சிங் வெளியே வந்தார்.

2007 ஜனவரியில் அவர் புல்லுவழிக்கு வந்தார். ஏலீஸ்வா அவருடைய கைகளைப் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் இரத்தம் பட்ட கைகள் இவை, அதனால் முத்தமிடுகிறேன் என்பது அந்தத் தாய் சொன்ன காரணம். வந்தவர் மொழி தெரியாத ஊரில், தான் கொன்றவரின் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வாசலில் அவரை எதிர்கொண்ட தாய்க்கு அவருடைய மொழி தெரியாது. பேச்சு தேவைப்படவும் இல்லை. 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியா அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்ட விழாவில் சமுந்தர் சிங்கும் கலந்துகொண்டார். உதய்நகரில் உள்ள கல்லறைக்குத் தன் வயலில் விளைந்த தானியத்தோடு அவர் போய்வருவதைப் பல செய்தியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மறையுரைகளில் இந்தக் கதை வரும்போது பெரும்பாலும் தாயின் முத்தத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த முத்தத்துக்கு முன்னால் நடந்தவை கதையின் பாதிக்கு மேல். கொலையாளி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனையை அனுபவித்தார். இடையில் நிற்க ஒருவர் பல ஆண்டுகள் பொறுமையாக நடந்தார். மன்னித்தவர்கள் வாயால் சொன்னதோடு நிற்காமல் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கடைசியில், குற்றம் செய்தவரே எழுந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணித்து, பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்கு வந்தார். இரண்டு பக்கமும் நடந்ததால் நடுவில் சந்திக்க முடிந்தது.

தொடுபுழையில் நடந்தது வேறு.

அங்குள்ள நியூமன் கல்லூரி, சீரோ மலபார் திருச்சபையின் கோதமங்கலம் மறைமாவட்டத்துக்கு உட்பட்டது. மலையாளத் துறையில் பேராசிரியராக இருந்த டி. ஜே. ஜோசப் 2010 மார்ச்சில் பி.காம். மாணவர்களுக்கான உள்தேர்வு வினாத்தாள் ஒன்றைத் தயாரித்தார். நிறுத்தக்குறிகளை இடச் சொல்லும் சாதாரண இலக்கணக் கேள்வி. அதற்கு எடுத்த பகுதி, திரைக்கதை பற்றிய நூல் ஒன்றில் இயக்குநர் பி. டி. குஞ்ஞு முகமது எழுதிய கட்டுரையில் வரும், பைத்தியக்காரன் ஒருவன் கடவுளோடு பேசும் உரையாடல். அந்தப் பாத்திரத்துக்கு முகமது என்று பெயரிட்டிருந்தார் ஜோசப். கட்டுரையாளரின் பெயரை நினைத்தே வைத்ததாக அவர் விளக்கினார். விளக்கத்தைக் கேட்கும் பொறுமை ஊரில் யாருக்கும் இல்லை. நபிகளை அவமதித்துவிட்டார் என்று போராட்டம் வெடித்தது. வழக்குப் பதிவானது, கைதானார், கல்லூரி அவரைப் பணியிடை நீக்கம் செய்தது.

2010 ஜூலை 4, ஞாயிற்றுக்கிழமை. திருப்பலி முடிந்து, வயதான தாயோடும் அருட்சகோதரியான அக்காவோடும் காரில் மூவாற்றுப்புழையில் உள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டருகே வேன் ஒன்று வழிமறித்தது. இறங்கி வந்த கும்பல் தாயின் கண்முன்னே அவரை வெளியே இழுத்துப் போட்டு வெட்டியது. எழுதிய வலது கை மணிக்கட்டோடு துண்டானது. வெட்டிய கையை வீசி எறிந்துவிட்டுப் போனார்கள். தேடி எடுக்கப்பட்ட அந்தக் கையைக் கொச்சி மருத்துவர்கள் பல மணி நேர அறுவைச் சிகிச்சையில் மீண்டும் ஒட்டவைத்தார்கள். அவருக்காக இரத்தம் கொடுக்க வந்தவர்களில் முஸ்லிம் இளைஞர்களும் இருந்தார்கள். தாக்கியவர்கள் பாப்புலர் ஃப்ரண்ட் ஆஃப் இந்தியாவைச் சேர்ந்தவர்கள் என்றது புலனாய்வு.

காயம் ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கல்லூரி நிர்வாகம் அவரைப் பணிநீக்கம் செய்தது. அந்த முடிவை நியாயப்படுத்தும் சுற்றுமடல் மறைமாவட்டத்தின் கோவில்களில் வாசிக்கப்பட்டது. தான் ஞானஸ்நானம் பெற்ற திருச்சபையின் கோவில்களிலேயே, திருப்பலிக்கு வந்த மக்கள் முன்னிலையில், தன்னைத் தள்ளிவைத்ததற்கான காரணங்கள் வாசிக்கப்பட்டதை ஜோசப் குடும்பம் தாங்க வேண்டியிருந்தது. சம்பளம் நின்றது. வழக்கு இழுத்துக்கொண்டே போனது. 2013 நவம்பரில் தொடுபுழை நீதிமன்றம் வினாத்தாள் வழக்கிலிருந்து அவரை விடுவித்தது. அதன் பிறகும் கல்லூரிக் கதவு திறக்கவில்லை. மனச்சோர்வில் விழுந்திருந்த மனைவி சலோமி 2014 மார்ச் 19 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நாடே அதிர்ந்தபோது நிர்வாகம் இறங்கி வந்தது. மார்ச் 28 அன்று ஜோசப் மீண்டும் பணியில் சேர்ந்தார். மார்ச் 31 அன்று ஓய்வு பெற்றார்.

தன்னை வெட்டியவர்களை மன்னித்துவிட்டதாக ஜோசப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர்களும் தன்னைப் போலவே ஒரு குருட்டு நம்பிக்கைக்குப் பலியானவர்கள் என்பது அவர் பார்வை. 2015-இல் கொச்சி என்.ஐ.ஏ. நீதிமன்றம் 13 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தபோதும், 2023 ஜூலையில் மேலும் ஆறு பேர் குற்றவாளிகளாகி அவர்களில் மூவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தபோதும் அவர் கொண்டாடவில்லை. தண்டனையால் பாதிக்கப்பட்டவருக்கு நீதி கிடைத்துவிடுவதாகத் தான் நம்பவில்லை என்றார். ஆனால் சட்டத்துக்கு ஒத்துழைக்க அவர் மறுக்கவும் இல்லை. 13 ஆண்டுகள் தலைமறைவாக இருந்த முக்கியக் குற்றம் சாட்டப்பட்டவர் 2024 ஜனவரியில் கண்ணூரில் பிடிபட்டபோது, அடையாள அணிவகுப்புக்குப் போய் அவரை அடையாளம் காட்டினார் ஜோசப்.

இதில் முரண்பாடு எதுவும் இல்லை. மன்னிப்பது என்றால் நடந்ததை மறைப்பது என்றோ, காவல் நிலையத்தில் புகாரைத் திரும்பப் பெறுவது என்றோ பலர் நினைக்கிறார்கள். 1981 மே 13 அன்று தன்னைச் சுட்ட மெஹ்மெத் அலி ஆக்ஜாவை 1983 டிசம்பரில் சிறைக்கே போய்ச் சந்தித்து மன்னித்தார் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால். ஆக்ஜா அதன் பிறகும் இத்தாலியச் சிறையில்தான் இருந்தார், 2000-இல்தான் பொதுமன்னிப்பு கிடைத்தது. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் கணவர் கிரஹாம் ஸ்டெய்ன்ஸையும் இரண்டு மகன்களையும் எரித்துக் கொன்றவர்களை மன்னித்துவிட்டேன் என்றார் கிளாடிஸ் ஸ்டெய்ன்ஸ். கொலையாளிகள் மீதான வழக்கு தன் போக்கில் நடந்தது. அவர் பாரிபதாவில் தொழுநோயாளிகளுக்கான பணியைத் தொடர்ந்தார். பழிவாங்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது மன்னிப்பவரின் செயல். குற்றத்துக்குக் கணக்குக் கேட்பது சமூகத்தின் கடமை. இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் அருகருகே இருக்க முடியும் என்பதற்கு ஜோசப்பே உயிருள்ள சாட்சி.

தாக்கியவர்களிடம் இவ்வளவு தெளிவாக இருந்தவரின் கதை, அவர் சொந்தத் திருச்சபையின் பக்கம் வரும்போது கனத்துப்போகிறது. 2020-இல் வெளிவந்து, கேரள சாகித்ய அகாதமி விருது பெற்ற தன்வரலாறான ‘அற்றுபோகாத்த ஓர்மகள்’ நூலில், கல்லூரி நிர்வாகமும் மறைமாவட்டமும் தன்னை நடத்திய விதத்தை அவர் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். நிர்வாகத்தின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். பல மதத்தினர் நெருங்கி வாழும் சிறு நகரம். தெருவில் கல் விழத் தொடங்கியிருந்தது. ஒரு ஆசிரியரை விட்டுக்கொடுத்தால் ஊர் அமைதியாகும், மாணவர்கள் பாதுகாப்பாக இருப்பார்கள் என்று அச்சத்தில் ஒரு நிர்வாகம் கணக்குப் போட்டால், அந்த அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம். ஒரு மனிதரை விலையாகக் கொடுத்து வாங்கிய அமைதியை மட்டும் நற்செய்தியின் மொழியில் நியாயப்படுத்த முடியாது. மக்கள் அனைவருக்காகவும் ஒருவர் சாவது நல்லது என்று கணக்குப் போட்டவர் யார் என்பது பாடுகளின் வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எந்தக் கிறிஸ்தவருக்கும் தெரியும்.

இங்கேதான் மன்னிப்பும் ஒப்புரவும் பிரிகின்றன. மன்னிப்பை ஒருவர் தனியாகத் தர முடியும். எதிரி கேட்காவிட்டாலும், ஏன், எதிரி இறந்துபோயிருந்தாலும் தர முடியும். ஒப்புரவுக்கு இருவரும் வேண்டும். தவறு செய்தவர் நடந்து வர வேண்டிய தூரம் அதில் அதிகம்.

விவிலியத்தில் இது தெளிவாகவே இருக்கிறது. மன்னிப்பைப் பற்றிய மறையுரைகளில் மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் அடிக்கடி வருகிறது. எத்தனை முறை மன்னிப்பது என்று பேதுரு கேட்க, இயேசு கணக்கே வைக்காதே என்று சொல்லும் இடம் அது. அதைத் தொடர்ந்து வரும் உவமையில், 10,000 தாலந்து கடன் தள்ளுபடியான ஊழியன், தனக்கு 100 தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். அப்படியானால் முதல் கடன் ஆறு கோடி நாள் கூலி, இரண்டாவது கடன் மூன்று மாதக் கூலி. ஆனால் இதே அதிகாரத்தில், பேதுருவின் கேள்விக்குச் சற்று முன்னால் வேறொரு அறிவுரை இருக்கிறது. சகோதரன் உனக்குத் தீங்கு செய்தால் முதலில் தனியாகப் போய் அவனிடம் அந்தத் தவறை எடுத்துச் சொல். கேட்காவிட்டால் ஓரிருவரை அழைத்துப் போ. அதற்கும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல். எண்ணிக்கையில்லா மன்னிப்பு வருவதற்கு முன்னால் உண்மையைப் பேசும் மூன்று படிகள் வருகின்றன. அவற்றைத் தாண்டிக் குதித்து மன்னிப்புக்குப் போகும் வழக்கம் நம் பங்குகளில் நிலைத்துவிட்டது.

தொடக்கநூலில் வரும் யோசேப்பும் அப்படிக் குதிக்கவில்லை. தன்னை விற்ற அண்ணன்மார் பஞ்சத்தில் தானியம் தேடி எகிப்துக்கு வந்து முன்னால் நிற்கும்போது, அவர் உடனே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளவில்லை. அவர்கள் மாறியிருக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்கிறார். கடைசித் தம்பி பென்யமினைப் பிடித்துவைக்கப்போவதாகச் சொன்னதும், அன்று யோசேப்பை விற்கச் சொன்ன யூதாவே முன்வந்து, தம்பிக்குப் பதிலாக என்னை அடிமையாக வைத்துக்கொள் என்கிறார். அதன் பிறகுதான் யோசேப்பு அழுதுகொண்டே தான் யாரென்று சொல்கிறார். எரிகோவின் சக்கேயு கதையிலும் இதே வரிசைதான். இயேசு அவர் வீட்டுக்கு வந்தது இலவச அருள். அந்த அருளைப் பெற்ற சக்கேயு எழுந்து நின்று, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக ஊர் முன்னால் அறிவிக்கிறார்.

கத்தோலிக்கர்கள் சிறு வயதிலேயே பயிலும் ஒப்புரவு அருட்சாதனமும் இப்படித்தான் அமைந்திருக்கிறது. மூத்தவர்கள் அதைப் பாவசங்கீர்த்தனம் என்பார்கள். ஆன்மப் பரிசோதனை, மனத்துயர், இனிச் செய்வதில்லை என்ற உறுதி, வாய்விட்டு அறிக்கையிடுதல், குருவானவர் தரும் தவச்செயலை நிறைவேற்றுதல் என்று ஐந்து படிகளைப் புதுநன்மை வகுப்பில் மனப்பாடம் செய்யாத பிள்ளை இல்லை. 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு 1459ஆம் எண்ணில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. பாவம் மன்னிக்கப்பட்டாலும் அது விளைவித்த சேதம் தானாகச் சரியாகிவிடாது. திருடியதைத் திருப்பித் தர வேண்டும், கெடுத்த பெயரை மீட்டுத் தர வேண்டும், காயத்துக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது. கோழி திருடியவருக்குப் பொருந்தும் இந்த விதி ஒரு கல்லூரிக்கும் மறைமாவட்டத்துக்கும் பொருந்தாது என்று எந்த மறைநூலிலும் எழுதியிருக்கவில்லை.

இந்த வரிசை தவறும்போது பாரமெல்லாம் பாதிக்கப்பட்டவர் தலையில் ஏறுகிறது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு வாழும் பெண் பங்குத்தந்தையிடம் அழுதுகொண்டு போனால், பொறுத்துக்கொள், மன்னித்துவிடு, கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற பதில் வருவதுண்டு. சொத்துத் தகராறில் ஏமாற்றப்பட்ட தம்பியிடம், அண்ணன்தானே, விட்டுக்கொடு என்பார்கள். அடித்தவனையும் ஏமாற்றியவனையும் அழைத்து உட்காரவைத்துக் கேட்பவர்கள் குறைவு. மன்னிக்கும்படி எளியவரை வற்புறுத்துவது வலியவரைத் தொந்தரவு செய்யாமல் பிரச்சினையை மூடிவைக்கும் வழியாகிவிடுகிறது. இயேசு மன்னிப்பைப் போதித்த அதே வாயால், பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வரும்போது உன் மேல் சகோதரனுக்கு ஏதோ மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்றும் சொன்னார். அந்தக் கட்டளை பாதிக்கப்பட்டவருக்குச் சொல்லப்பட்டதல்ல. பாதிப்பை உண்டாக்கியவருக்குச் சொல்லப்பட்டது. திருப்பலியே காத்திருக்கட்டும், நீ போ என்று சொல்லும் அளவுக்கு அவசரமானது.

ஒரு நிறுவனம் அப்படி எழுந்து போக முடியுமா என்று கேட்கலாம். உலகம் பார்த்திருக்கிறது. 2000 மார்ச் 12 அன்று புனித பேதுரு பேராலயத்தில் இரண்டாம் ஜான் பால், திருச்சபையின் பிள்ளைகள் வரலாற்றில் செய்த குற்றங்களுக்காகக் கடவுளிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாப்பிரிக்காவில் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு தலைமை தாங்கிய உண்மை, ஒப்புரவு ஆணையம் 1996-இல் பொது விசாரணைகளைத் தொடங்கியது. தண்டனையிலிருந்து விலக்கு வேண்டுபவர் செய்ததை முழுமையாக வெளியே சொல்ல வேண்டும் என்பது அதன் நிபந்தனை. விண்ணப்பித்த 7,000-க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு விலக்கு கிடைக்கவில்லை. அந்த ஆணையம் எல்லாக் காயத்தையும் ஆற்றவில்லை, பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டில் அரசு சுணங்கியது என்ற குறை இன்றும் இருக்கிறது. ஆனாலும் உண்மை முதலில், சலுகை பிறகு என்ற வரிசையை ஒரு நாடே ஏற்றுக்கொண்டது.

தொடுபுழையை விட்டு மறுபடியும் கோதமங்கலத்துக்கு வந்தால் இன்னொரு பிணக்கு காத்திருக்கிறது. இங்குள்ள மார்த்தோமா செறியபள்ளியில் 1685-இல் இறந்த புனித பசேலியோஸ் யெல்தோவின் கல்லறை இருக்கிறது. மலங்கரை சிரியக் கிறிஸ்தவர்கள் ஒரு நூற்றாண்டாக ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். 1958-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டு ஒன்றானார்கள். 1970-களில் மீண்டும் பிரிந்தார்கள். 2017 ஜூலை 3 தீர்ப்பு ஆர்த்தடாக்ஸ் தரப்புக்குச் சாதகமாக வந்தபின் பல கோவில்களின் வாசலில் போலீசார் நின்றார்கள். இறந்தவர்களின் உடல்கள் குடும்பக் கல்லறைக்குள் போக முடியாமல் காத்திருந்தன. கடைசியில் அடக்கம் செய்யும் உரிமையைக் காக்க 2020-இல் கேரள அரசு தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. வேதனை என்னவென்றால், இதே சிரிய மரபில் பெரிய நோன்பின் முதல் திங்களன்று சுப்கோனோ என்ற ஒப்புரவு வழிபாடு உண்டு. ஆயரும் குருவும் மக்களும் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கி, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுச் சமாதானம் சொல்வார்கள். அவ்வளவு அழகான சடங்கு இரண்டு தரப்பிலும் இருக்கிறது. நோன்பு தொடங்கும் அந்தத் திங்களன்று ஒரு தரப்பு இன்னொரு தரப்பின் வாசலுக்கு நடந்து போனால், நீதிமன்றம் தர முடியாத ஒன்று அங்கே கிடைக்கும்.

தமிழகத்துக்குத் திரும்பினாலும் இதே கணக்குத்தான். நெல்லைச் சீமையின் வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பகுதியாக மக்களைப் பிரித்து வைத்த சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து உயர்சாதியார் வழக்குப் போட்டார்கள். உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளை ஒதுக்கிவைத்த சுவருக்கு எதிராக இந்த நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. சுவரை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் பழையதை மறந்துவிடுங்கள், நாமெல்லாம் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று சொல்வதில் ஒப்புரவு இல்லை. வடக்கன்குளத்தில் ஆயர் தரப்பு செய்தது சரியான வரிசை. எதிர்ப்பும் வழக்கும் வரும் என்று தெரிந்தும் முதலில் சுவரை இடித்தார்கள்.

மூணாறு தேயிலை எஸ்டேட்டுகளில் இருந்து பாலக்காட்டின் கொழிஞ்சாம்பாறை வரை, கேரளத் தமிழ் எல்லையோரப் பங்குகளிலும் தவக்காலத்தில் ஒப்புரவு வழிபாடு நடக்கிறது. ஆன்மப் பரிசோதனைக்கான கேள்விகளைக் குருவானவர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பொய் சொன்னேனா, பெற்றோரை மதித்தேனா, பிறரைப் பற்றிப் புறம் பேசினேனா என்று எல்லாமே தனிமனிதரைக் கேட்பவை. அதே வரிசையில் பங்குக்கும் பள்ளிக்கும் மறைமாவட்டத்துக்கும் சில கேள்விகள் சேர வேண்டும். நம் பள்ளியில் முறையில்லாமல் வேலையிழந்தவர் உண்டா, அவருக்குத் தர வேண்டிய பாக்கி தீர்ந்ததா? நம் கல்லறையில் யாருக்காவது இடம் மறுத்தோமா? அடிபட்ட பெண்ணை அடித்தவனிடமே திருப்பி அனுப்பினோமா? கூட்டத்துக்குப் பயந்து நம்மில் ஒருவரைக் கைவிட்டோமா? சுற்றுமடல் வாசித்து ஒருவரைத் தள்ளிவைத்திருந்தால், அது தவறு என்று தெரிந்த பிறகு அதே கோவில்களில், அதே ஞாயிறு திருப்பலியில், மன்னிப்புக் கேட்கும் இன்னொரு மடலை வாசித்தோமா?

இந்தக் கேள்விகளுக்குப் பங்குப்பேரவை உட்கார்ந்து பதில் எழுதலாம். பாதிக்கப்பட்டவர் உயிரோடு இருந்தால் பங்குத்தந்தையும் பேரவை உறுப்பினர்களும் அவர் வீட்டுக்குப் போகலாம். அவர் மன்னிக்க மறுத்தாலும், கதவைத் திறக்காவிட்டாலும், போன கடமை போனவர்களுடையது. ஈடு கொடுக்க வேண்டிய தொகையைப் பங்குக் கணக்கில் தனித் தலைப்பாக எழுதி, ஆண்டுக் கணக்கை மக்கள் முன் வாசிக்கும்போது அதையும் வாசிக்கலாம். இதற்கு உரோமையின் அனுமதியோ புதிய சட்டமோ தேவையில்லை. சாம்பல் புதனுக்கு முந்தைய வாரத்தில் கூடும் பேரவைக் கூட்டத்தின் பொருள் நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும்.